அப்பாருவோட கால் ஆணி மருந்தும் என் மூஞ்சியும்

கடையைத் தொறந்து தூசி தட்டி ரொம்ப நாளாச்சு. இன்னைக்கு அரசியல் இல்ல, சினிமா விமர்சனம் இல்ல. பரு. ஆமாங்க, மூஞ்சியில வருமே, அதேதான். நாப்பத்தெட்டு வயசுல, தலையில முடி போய் மூஞ்சி பெருசான காலத்துல இவனுக்கு எதுக்குப் பருவைப் பத்தி எழுதற வேலைன்னு நீங்க கேக்கறது கேக்குது. காரணம் இருக்கு. கொஞ்சம் கொசுவத்தி சுத்திட்டு வந்துடறேன்.

1994, மே மாசம். ப்ளஸ் ஒன் பரீட்சை எழுதி முடிச்சிருந்த நேரம். எங்க அக்காவுக்குக் கல்யாணம். எனக்கு மூஞ்சி பூரா பரு. சும்மா ஒண்ணு ரெண்டு இல்லீங்க, பணியாரச் சட்டியில மாவு ஊத்தி எடுத்த மாதிரி. ஸ்கூல்ல எனக்கு வச்ச பட்டப்பேரை இங்க எழுத மாட்டேன், அப்புறம் நீங்களும் அதையே கூப்பிடுவீங்க. சந்தனம், பாசிப்பயறு மாவு, எலுமிச்சம்பழம், வேப்பிலை, டூத்பேஸ்ட்னு ஒண்ணு விடல. யாரு எதைச் சொன்னாலும் அன்னைக்கு ராத்திரியே பூசிட்டுப் படுத்துடுவேன். காலையில எந்திரிச்சா பரு அப்படியே இருக்கும், தலகாணி உறைதான் நாறும்.

அப்பத்தான் டவுன் லைப்ரரியில ஒரு இங்கிலீஷ் பத்திரிகையில அழகுக் குறிப்பு படிச்சேன். பருவுக்கு சாலிசிலிக் ஆசிட் நல்லதுன்னு ஒரு வரி. எத்தனை சதவீதம், எப்படிப் போடணும், ஒண்ணும் ஞாபகம் இல்ல. 'சாலிசிலிக்'ங்கற பேரை மட்டும் மனப்பாடம் பண்ணிட்டு வந்தேன். ஏன்னா அந்தப் பேரை நான் ஏற்கெனவே பாத்திருக்கேன். எங்க வீட்டு மாடக்குழியில! எங்க அப்பாரு செருப்பில்லாம காட்டுக்குப் போறவரு, அவருக்குக் கால் ஆணி. அதுக்குப் போடற சின்ன பாட்டில் மருந்துல அதே பேரு பொடி எழுத்துல இருந்துச்சு.

கல்யாணத்துக்கு மூணு நாள் இருக்கு. எல்லாரும் பந்தல் வேலையில இருக்காங்க. நான் அந்த பாட்டிலை எடுத்து, தீக்குச்சியில தொட்டுத் தொட்டு ஆறு பருவுல வச்சேன். கன்னத்துல மூணு, நெத்தியில ரெண்டு, மூக்கோரம் ஒண்ணு. காய்ஞ்சதும் ஃபெவிகால் மாதிரி ஒரு படலம் படிஞ்சுது. சுர்ருனு எரிஞ்சுது. எரிஞ்சா வேலை செய்யுதுன்னு அர்த்தம் இல்லீங்களா? (இந்த ஒரு நம்பிக்கையை மட்டும் தமிழ்நாட்டுல எவனாலயும் மாத்த முடியாது.) இன்னொரு தடவை வச்சேன்.

காலையில அந்த ஆறு எடமும் வெள்ளையா ஊறிப் போயிருந்துச்சு. மத்தியானம் தோல் உரிஞ்சு செவசெவன்னு ஆச்சு. முகூர்த்தத்தன்னைக்கு ஆறு புண்ணு.

மாப்பிள்ளைக்கு மாலை போட்டு மேடைக்குக் கூட்டிட்டு வர வேண்டியது மச்சினன். அதாவது நான். பெரியப்பா பையனைப் போகச் சொல்லிட்டு நான் மண்டபத்துச் சரக்கு ரூம்ல போய் உக்காந்துகிட்டேன். அரிசி மூட்டை, தேங்காய், வாழையிலைக் கட்டு, நானு. அக்கா ரெண்டு மூணு தடவை ஆள் அனுப்புச்சு. 'சாமான் எடுத்துக் குடுக்க ஆள் வேணுமில்ல'ன்னு சொல்லி அனுப்பிட்டேன். அக்கா கல்யாண ஆல்பத்துல நான் ஒரே ஒரு போட்டோவுல இருக்கேன். பந்திக்குப் பின்னாடி, கர்ச்சீப்பால பாதி மூஞ்சியை மூடிட்டு. இருமற மாதிரி போஸ்.

புண்ணு பத்து நாள்ல ஆறிடுச்சு. அந்த ஆறு கறுப்புத் தழும்பு போக ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. அதே வருஷம் ப்ளஸ் டூ வேதியியல்ல கோல்பே வினைன்னு ஒண்ணு வந்துச்சு. பீனால்ல இருந்து சாலிசிலிக் அமிலம் தயாரிக்கறது. வாத்தியார் போர்டுல எழுத எழுத நான் கன்னத்தைத் தடவிட்டு உக்காந்திருந்தேன் :-)

நிற்க. இப்ப 2024-க்கு வருவோம்.

என் பொண்ணு ப்ளஸ் ஒன். எனக்கு இருந்த அளவுக்கு இல்ல, ஆனா நெத்தியிலயும் கன்னத்துலயும் பரு. ஜூன் மாசம் ஒரு நாள் காலையில இட்லி சாப்பிடறப்ப, 'என்ன கண்ணு, மூஞ்சியெல்லாம் இப்படி ஆயிருச்சு?'ன்னு கேட்டேன். அவ்வளவுதான். வேற ஒண்ணும் சொல்லல. அவளும் ஒண்ணும் சொல்லல. தட்டைக் கழுவி வச்சுட்டுப் போயிட்டா.

அடுத்த வாரம் ஒரு பார்சல் வந்துச்சு. கேஷ் ஆன் டெலிவரி. நான்தான் காசு குடுத்தேன். என்ன ஏதுன்னு கேக்கல. ஜூலை மொதல் வாரத்துல பாத்தா, வீட்டுக்குள்ளயே மாஸ்க் போட்டுட்டு உக்காந்திருக்கா. கேட்டா சளின்னா. கொரோனா காலத்து மாஸ்க் ஒரு டப்பா அலமாரியில கெடந்தது வசதியாப் போச்சு. நாலாம் நாள் தங்கமணி வந்து, 'ஏனுங்க, இவ உங்க அக்கா பையன் கல்யாணத்துக்கு வரலைங்கறா, என்னன்னு கேளுங்க'ன்னா.

ஆமா மக்களே. எந்த அக்கா கல்யாணத்துல நான் சரக்கு ரூம்ல உக்காந்திருந்தேனோ, அதே அக்காவோட பையனுக்கு ஆவணியில கல்யாணம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு.

கதவைத் தட்டி உள்ள போனேன். மாஸ்கைக் கழட்டச் சொன்னேன். மூக்கைச் சுத்தி, கன்னம் ரெண்டும் செவந்து, பொக்கு பொக்கா உரிஞ்சு கெடக்கு. மேஜை மேல பாட்டில். எடுத்துப் படிச்சேன். சாலிசிலிக் ஆசிட், 2 சதவீதம்.

முப்பது வருஷம் கழிச்சு அதே பேரு. எனக்குச் சிரிக்கறதா அழுகறதான்னு தெரியல. 'எத்தனை தடவை போட்ட?'ன்னேன். 'காலையில ராத்திரி ரெண்டு நேரமும்பா. ஃபேஸ்வாஷும் அதேதான். அப்புறம் ஸ்க்ரப்பு.' 'எரியலையா?' 'எரிஞ்சுது. எரிஞ்சா வேலை செய்யுதுன்னு நெனச்சேன்.'

சொன்னேன்ல, ரத்தத்துலயே ஊறுனது.

இதுக்கு நடுவுல தங்கமணி மெடிக்கல்ல போய்க் கேட்டு ஒரு டியூப் வாங்கிட்டு வந்துட்டா. 'ரெண்டே நாள்ல செவப்பு போயிரும்'னு குடுத்தாங்களாம். பின்னாடி படிச்சா ஸ்டீராய்டு கலந்த க்ரீம். ரெண்டு நாள்ல போகும்தான், அதுல பொய்யில்ல. விடாமப் பூசினா தோல் மெலிஞ்சு, சின்னச் சின்ன ரத்தக்குழாய் வெளிய தெரிஞ்சு, ஸ்டீராய்டாலயே புதுசா பரு வந்து, நிறுத்தினா முன்னைவிட மோசமா வெடிக்கும். இந்தியாவுல 2018-லயே இந்த மாதிரி 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை டாக்டர் சீட்டில்லாம விக்கக்கூடாதுன்னு விதியை மாத்திட்டாங்க. அப்படியும் கைக்கு வந்துடுது பாருங்க. டியூபைத் திருப்பிக் குடுத்துட்டு, பொண்ணைத் தோல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன்.

டாக்டரம்மா லென்ஸ் வச்சுப் பாத்துட்டு மொதல்ல சொன்னது: 'பாப்பா, இதுல பாதிதான் பரு. மீதி நீயா பண்ணிக்கிட்ட புண்ணு.' நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். எனக்கும் சேத்துச் சொன்ன மாதிரி இருந்துச்சு.

அவங்க சொன்னதையும், அதுக்கப்புறம் நான் தேடிப் படிச்சதையும் சேத்து எழுதறேன். வீட்டுல வயசுப் பசங்க இருக்கறவங்க கொஞ்சம் கவனமா படிங்க.

இந்த சாலிசிலிக் அமிலம் நேத்து வந்த அழகு சாமான் இல்ல. வில்லோன்னு ஒரு மரம், லத்தீன்ல சாலிக்ஸ். பேரே அதுல இருந்து வந்ததுதான். அந்த மரப்பட்டைப் பொடி காய்ச்சலைக் குறைக்குதுன்னு 1763-ல எட்வர்ட் ஸ்டோன்னு ஒரு இங்கிலாந்துப் பாதிரியார் ராயல் சொசைட்டிக்குக் கடுதாசி எழுதினார். 1897-ல ஹாஃப்மன் இதுல கொஞ்சம் மாத்தி ஆஸ்பிரின் பண்ணார். ஊட்டிக் கடைகள்ல விண்டர்கிரீன் தைலம்னு விப்பாங்களே, மூட்டுவலிக்குத் தேய்க்க, அதுல இருக்கறது மெத்தில் சாலிசிலேட். இதுவும் சொந்தக்காரன்தான். (அதுக்காக ஆஸ்பிரினைப் பொடி பண்ணியோ தைலத்தையோ மூஞ்சியில பூசிடாதீங்க சாமிகளா. சொந்தக்காரன் வேற, ஆள் வேற.)

பருவுல இதுக்கு என்ன வேலை? தோல்ல மயிர்க்கால் இருக்கற குழிக்குள்ள எண்ணெய் சுரக்குது. உதிர வேண்டிய செல்கள் உதிராம, அந்த எண்ணெயோட ஒட்டிக்கிட்டு வாயை அடைக்குது. சிங்க் குழாய்ல எண்ணெய்ப் பிசுக்கும் பருக்கையும் சேந்து அடைக்குமே, அதே கதை. மூக்குல இருக்கற கரும்புள்ளி அழுக்கு இல்லீங்க. அடைப்போட மேல்பக்கம் காத்து பட்டு, நிறமி சேந்து கறுத்துப் போனது. தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவினா போகாது. சாலிசிலிக் அமிலம் எண்ணெயில கரையும். அதனால அந்தக் குழிக்குள்ள எறங்கி, செல்களுக்கு நடுவுல இருக்கற ஒட்டைத் தளர்த்தி விடுது. அடைப்பு மெதுவா கழண்டு வரும். கொஞ்சம் வீக்கத்தையும் குறைக்கும். அவ்வளவுதான் அதோட வேலை.

மெதுவா. இந்த வார்த்தையை ரெண்டு தடவை படிச்சுக்குங்க.

பருவுக்குப் போடற பொருள்ல இது அரையில இருந்து 2 சதவீதம் வரைக்கும்தான் இருக்கும். எங்க அப்பாரு பாட்டில் மாதிரி கால் ஆணி, மருவுக்கான திரவத்துல கிட்டத்தட்ட 17 சதவீதம், கூடவே லாக்டிக் அமிலம் வேற. கால் ஆணிக்கு ஒட்டற பிளாஸ்டர்ல 40 சதவீதம். உள்ளங்கால்ல காய்ச்சுப்போன தோலை ஊற வச்சு உரிக்கறதுக்குன்னே செஞ்சது அது. அதைத்தான் நான் கன்னத்துல வச்சேன். அளவுக்கு மிஞ்சினா அமிர்தமே நஞ்சாம், அப்ப அமிலம் எம்மாத்திரம்?

என் பொண்ணு விஷயத்துல சதவீதம் சரி. தடவைதான் தப்பு. நம்ம மாதிரி மாநிறம், கறுப்புத் தோல்காரங்களுக்கு இன்னொரு சிக்கல் இருக்கு. தோல் எரிச்சல் ஆனாலே அந்த எடம் கறுத்துப் போகும். பரு பத்து நாள்ல போயிடும், கறுப்பு மாசக் கணக்குல நிக்கும். பருவைப் போக்கறேன்னு தோலை எரிச்சா, ஒண்ணு போய் ஒம்போது வந்த கதைதான்.

டாக்டரம்மா குடுத்த திட்டம் இது:

1. மொத ரெண்டு வாரம் எல்லாத்தையும் நிறுத்து. சாதாரண மென்மையான ஃபேஸ்வாஷ், மாய்ஸ்சரைசர், பகல்ல சன்ஸ்கிரீன். ஸ்க்ரப்பும் எலுமிச்சம்பழமும் குப்பைக்கு.

2. தோல் ஆறினதும் சாலிசிலிக் சீரம் வாரத்துல ரெண்டு ராத்திரி மட்டும். மூஞ்சி நல்லா காஞ்சப்புறம், மெல்லிசா, கரும்புள்ளியும் குட்டிக் குட்டிக் கொப்புளமும் இருக்கற நெத்தி, மூக்குப் பக்கம். அதுக்கு மேல மாய்ஸ்சரைசர். சும்மா இருந்தா மூணு ராத்திரி ஆக்கலாம். எரிஞ்சா நிறுத்து.

3. செவந்து வீங்கின பருவுக்கு இது மட்டும் பத்தாது. அதுக்கு பென்சாயில் பெராக்சைடு ஜெல், 2.5 சதவீதம், வேற ராத்திரியில. (இது துணியை வெளுத்துடும்னு யாரும் சொல்லல. எங்க வீட்டு நீலத் துண்டு இப்ப வானத்துல மேகம் போட்ட மாதிரி இருக்கு.)

4. தலைக்கு வச்ச எண்ணெய் நெத்தியில வடியக் கூடாது. குளிக்கறதுக்கு முன்னாடி வச்சு அலசிடணும்.

5. பலன் தெரிய ரெண்டு மூணு மாசம் ஆகும். தினமும் கண்ணாடியை உத்துப் பாக்காத. வாரத்துக்கு ஒருக்கா ஒரே வெளிச்சத்துல ஒரு போட்டோ எடு, போதும்.

நாலாவது பாயிண்டுக்கு எங்க அம்மா, அதாவது அவளோட ஆத்தா, டாக்டர் மேல இன்னும் கோவமா இருக்காங்க. அந்தக் கதை தனியா எழுத வேண்டியது.

இன்னும் ஒண்ணு. ஆஸ்பிரின் அலர்ஜி இருக்கறவங்க இந்தப் பக்கமே டாக்டரைக் கேக்காம வரக்கூடாது. மாசமா இருக்கறவங்களும் கேட்டுட்டுப் போடறது நல்லது. அடியில கட்டி கட்டியா, வலியோட, தழும்பு விழற மாதிரி வர்ற பருவுக்கு இந்தச் சீரத்தை நம்பி மாசத்தை ஓட்டாதீங்க, அதுக்கு மாத்திரையே தேவைப்படலாம். அமெரிக்கத் தோல் மருத்துவர் சங்கம் 2024-ல விட்ட வழிகாட்டியில பென்சாயில் பெராக்சைடு, ரெட்டினாய்டு ஜெல் எல்லாத்தையும் உறுதியா பரிந்துரைச்சிருக்காங்க. சாலிசிலிக்குக்கு 'போடலாம்'ங்கற அளவுல, ஒரு படி கீழதான் எடம். பாட்டில் மேல போட்டிருக்கற பொண்ணோட மூஞ்சியைப் பாத்தா அப்படித் தெரியாது, அது வேற விஷயம்.

டாக்டர்கிட்ட போயிட்டு வந்த அன்னைக்கு ராத்திரி, அக்கா வீட்டுல இருந்து அந்த 1994 ஆல்பத்தை வாங்கிட்டு வந்து பொண்ணுகிட்ட குடுத்தேன். 'இதுல அப்பா எங்கன்னு கண்டுபுடி பாக்கலாம்'னேன். முன்னாடி இருந்து பின்னாடி வரைக்கும் ரெண்டு தடவை பொரட்டினா. கர்ச்சீப்பைக் கண்டுபுடிச்சா. 'ஏம்பா?'ன்னா. பாட்டில் கதை, தீக்குச்சிக் கதை, சரக்கு ரூம் கதை எல்லாம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சா. அப்புறம் சிரிப்பை நிறுத்திட்டு, 'அன்னைக்கு இட்லி சாப்பிடறப்ப நீங்க கேட்டீங்கல்லப்பா'ன்னா.

எனக்கு ஞாபகமே இல்ல மக்களே. அவ சொல்லித்தான் ஞாபகம் வந்துச்சு. எனக்குப் பட்டப்பேர் வச்சவனுக்கும் இன்னைக்கு அது ஞாபகம் இருக்காது. சொல்றவனுக்கு அது ஒரு வரி. கேக்கறவங்க அதை எடுத்துட்டுப் போய் அமிலத்தைத் தேடறாங்க. பொண்ணுகிட்ட தப்புன்னு சொன்னேன். 'பரவால்லப்பா'ன்னு ஆல்பத்தை மூடினா.

கல்யாணத்துக்கு முன்னாடி எல்லாம் மறைஞ்சுதான்னு கேப்பீங்க. இல்ல. ரெண்டு வாரம் ஆற வச்சு, அப்புறம் மருந்து போட ஆரம்பிச்சு அஞ்சாறு வாரம்தான் ஆச்சு. உரிஞ்ச எடம் ஆறிடுச்சு, ஆனா கன்னத்துல கறுப்பு இருந்துச்சு, முகூர்த்தத்துக்கு மொத நாள் நெத்தியில புதுசா ஒண்ணு, நல்லா மொளகு சைசுல, அழைப்பிதழ் வச்ச மாதிரி வந்து நின்னுச்சு. நான் ஒண்ணும் பேசல. வாயை மூடிட்டு இருக்கறது எவ்வளவு கஷ்டம்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. தங்கமணியும் பேசல. காலையில மாஸ்க் டப்பா அலமாரியிலயே இருந்துச்சு. பட்டுப் பாவாடை தாவணியில வந்து வண்டியில ஏறிட்டா.

மேடையில குடும்ப போட்டோ எடுக்கறப்ப அக்கா மைக் இல்லாமயே மண்டபம் பூரா கேக்கற மாதிரி, 'டேய் தம்பி, இந்த ஆல்பத்துலயாவது வந்து நில்றா!'ன்னுச்சு. முப்பது வருஷமா மனசுல வச்சிருந்திருக்கு பாருங்க. போய் நின்னேன். என் பக்கத்துல என் பொண்ணு. எறங்கறப்ப அவ போட்டோக்காரர்கிட்ட மெதுவா ஏதோ சொன்னா. என்னன்னு கேட்டேன். 'நெத்தியில மட்டும் லேசா டச்சப் பண்ணச் சொன்னேன்பா'ன்னா.

அதெல்லாம் கேக்கலாம், தப்பில்ல :-)

டிசம்பர்ல பாத்தப்ப நெத்தி பாதிக்கு மேல தெளிஞ்சிருந்துச்சு. இப்பவும் அப்பப்ப ஒண்ணு ரெண்டு வரும், போகும். சீரம் பாட்டில் வாரத்துல ரெண்டு மூணு ராத்திரி மட்டும் வெளிய வருது. ஆல்பத்தைத் திருப்பிக் குடுக்கச் சொல்லி அக்கா நாலு தடவை போன் பண்ணிடுச்சு. அடுத்த வாரம் கொண்டு போய்க் குடுக்கணும்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லீங்க, கணக்குப் புள்ள. மேல இருக்கறது என் பொண்ணோட தோலைப் பாத்து ஒரு டாக்டர் சொன்னது. உங்க வீட்டுப் புள்ளைக்கு அவங்க தோலைப் பாத்துத்தான் சொல்லணும். ஆனா சாப்பிடற நேரத்துல அவங்க மூஞ்சியைப் பத்திப் பேசாம இருக்கறதுக்கு எந்தச் சீட்டும் தேவையில்ல.